அவள் குடித்த கிளாஸ்

இங்கே யாரும் என்னை அடிக்கவில்லை, முதல் நாளிலிருந்தே எனக்குச் சரியாகப் படாதது அதுதான். அடிக்கிறவன் தனக்கு என்ன வேண்டுமென்பதைக் கையாலேயே சொல்லிவிடுகிறான், எதைச் சொல்லக்கூடாதென்று நாமும் அப்போதே தெரிந்துகொள்கிறோம். இவர்கள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நாம் உள்ளே போனதும் பூட்டுகிறார்கள். விமான நிலையத்தில் என் விரல்களை ஒவ்வொன்றாக மையில் உருட்டியவன் முடிந்ததும் துடைத்துக்கொள்ள ஈரக் கடதாசி தந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், எதற்காகச் சிரித்தான் என்று கண்டுபிடிக்கும்வரை விடமாட்டேன். இடுப்புப் பட்டியையும் சப்பாத்துக் கயிற்றையும் வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் தூக்குப் போட்டுக்கொள்ளக் கூடாதாம், திருப்பி அனுப்பிய பிறகு வேறு யாராவது போட்டால் அது அவர்கள் கணக்கில் வராது. கயிறில்லாத சப்பாத்தோடு காலை இழுத்துத்தான் நடக்கவேண்டும், காலை இழுத்து நடப்பவனைப் பார்த்தால் எவனுக்கும் குற்றவாளி என்றே தோன்றும், இதைக்கூட யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி இந்த நீளப் பலகை வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். வாங்கைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருக்கிறார்கள். எதிரே உள்ள கதவுக்குக் கைப்பிடி அந்தப் பக்கத்தில் மட்டும்தான். இன்று இரண்டாவது விசாரணை, இதற்குப் பிறகு விசாரணை கிடையாது. போன முறை மாதிரி இன்றும் மழுப்பினால் கொழும்புக்கு விமானம் என்று எனக்காக வாதாட வந்த சட்டத்தரணி சொல்லிவிட்டாள். மெலிந்த பெண், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள், அதுவும் படிப்பில் சொல்லிக்கொடுத்ததாயிருக்கும். கொழும்பில் இறங்கினால் இராணுவம், தப்பி ஊருக்குப் போனால் இயக்கம். இரண்டு பேரையும் எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் போட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர். நல்லையாவை அச்சுக்கூடத்தில் வைத்துக் கொண்டுபோனார்கள், கையில் மையோடு. மிச்சம் இருப்பது நான்.

பக்கத்தில் சூசை இருக்கிறான், மன்னார்க்காரன், கப்பலில் சமையல் செய்தவன், இங்கிலீஷ் தெரியும், அதனால் இந்தத் தடுப்பு முகாமில் பாதிப் பேருக்கு வாய் அவன்தான். அவனையும் நான் முழுதாக நம்பவில்லை, எல்லோருக்கும் உதவுகிறவனை யாராவது எதற்காகவாவது வைத்திருப்பார்கள். ஆனால் அவன் சிரிக்க வைக்கிறான். "தவசியண்ணை, உள்ளுக்கை போய்க் கூட்டம் தொடங்கிப்போடாதையுங்கோ. அங்கை மைக் இல்லை, கைதட்டவும் ஆளில்லை" என்கிறான். நான் காற்சட்டையை மேலே இழுத்துக்கொள்கிறேன். "கேட்டதுக்கு மறுமொழி சொல்லிப்போட்டு வாங்கோ. உங்கடை மறுமொழியெல்லாம் திருப்பிக் கேள்வியாத்தான் வருது. அவன் உங்கடை பேர் என்ன எண்டு கேட்டால், ஏன் கேட்கிறாய் எண்டு நீங்கள் கேட்கிறியள்." கேட்கத்தானே வேண்டும். ஏன் கேட்கிறான்? பெயர், தகப்பன் பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம், எந்த வருடம் யாரோடு எங்கே. எழுதுகிறார்கள், எழுதியது ஒரு பெட்டிக்குள் போகிறது, பெட்டி எங்கே போகிறது? தூதரகத்தில் விருந்து நடக்கும், இரண்டு நாட்டு அதிகாரிகளும் கையில் கிண்ணத்தோடு நிற்பார்கள், ஒருவன் மற்றவனுக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட அதிக நேரம் ஆகாது. என்னைப் படகேற்றிவிட்ட பெண் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், தினமும் முற்றம் கூட்டுகிறாள், சந்தைக்குப் போகிறாள். அவளுடைய பெயரை நான் நினைக்கும்போதுகூட முழுதாக நினைப்பதில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். எழுத்தை ஒழுங்காகப் படித்தது துண்டுப்பிரசுரங்களில்தான், முதலில் வாசித்து, பிறகு எழுதி, பிறகு எழுதி எழுதி அடித்து. நாலு வரியில் ஒரு கடைக்காரனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுவேன், அது பட்டம் வாங்கியவர்களால் ஆகாது. எங்களுக்குள் கையெழுத்தில் சுற்றிவந்த ஒரு பிரசுரம், பிடிபட்டால் எப்படி நடக்கவேண்டும் என்பது பற்றியது. அதைப் பாதிக்குமேல் எழுதியதே நான்தான். பெயர் கேட்டால் பெயர் மட்டும். தொழில் கேட்டால் கமம், தோட்டவேலை. தோழர்கள் யாரென்று கேட்டால் எவருமில்லை. ஊர் கேட்டால் பக்கத்து ஊரைச் சொல், தேடி வருகிறவன் முதலில் அங்கே போகட்டும், அதற்குள் நம் ஆட்கள் விலகிவிடுவார்கள். அந்தக் கடைசி வரியால் எத்தனையோ பேர் தப்பினார்கள். அதனால்தான் முதல் விசாரணையில், நெடும்புலம் என்று சொல்லவேண்டிய நான் வேலங்குடா என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தும்மல் மாதிரி வந்தது. தொழில் என்னவென்றார்கள், மிளகாய்க் கன்று நட்டேன் என்றேன். வாழ்நாளெல்லாம் எழுதியவன் மிளகாய்க் கன்று நட்டேன் என்றேன், முகம் அசையவில்லை, முகம் நன்றாகப் பழகியது. பிறகு அந்த அதிகாரி, நரைத்த புருவம், எப்போதும் மூக்கடைத்துத் தடிமன் பிடித்த மாதிரி ஒரு குரல், மேசைக்கடியிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்தான். வேலங்குடாச் சந்தியில் என்ன கோயில்? பிள்ளையார் என்றேன். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்? அந்த ஊரில் நான் கூட்டம் பேசியிருக்கிறேன், அடிவாங்கியிருக்கிறேன், பஸ்ஸுக்கு நின்றதில்லை. அவன் எழுதிக்கொண்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்த பெண், யோகமலர் என்று பெயர், எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அதிகாரி கேட்காத ஒன்றைத் தானாகக் கேட்டாள். மெல்லத்தான் கேட்டாள். "அண்ணை, நீங்கள் எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம். அந்தக் கேள்வி எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஊரைக் கேட்பார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள், எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை, அங்கே ஆருடைய வீட்டுக்குப் பக்கத்தில், இப்படி அன்பாகக் கேட்டுக்கேட்டு நம்மை ஒரு மூலைக்குக் கொண்டுபோவார்கள், மூலைக்கு வந்ததும் முகம் மாறும், தண்ணீர் தருவதாயிருந்தவன் எழும்பமாட்டான். சாதியை வாய்விட்டுக் கேட்கிறவனோடு சண்டைபிடிக்கலாம், பக்கம் கேட்கிறவனோடு பிடிக்க முடியாது, அவன் ஒன்றும் கேட்கவில்லையே. அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்வதில்லை என்று மீசை முளைத்த நாளில் முடிவெடுத்தேன், கல்யாணப் பேச்சில் சொல்லவில்லை, நீதிமன்றத்தில் சொல்லவில்லை, இறுதியில் கடல் தாண்டிக் குளிருக்குள் வந்து, பூட்டிய அறையில், காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது அதே கேள்வி. எழுந்து நின்றுவிட்டேன். "நீர் இஞ்சை ஆருக்கு வேலை செய்யிறீர்? சாதி பார்த்துத்தான் விசா குடுக்கிறதோ?" என்றேன். அதிகாரி என்ன என்றான். அவள் ஏதோ சொன்னாள், இரண்டு வார்த்தைதான், நான் சொன்னதில் பாதிகூட இல்லை. என்ன மறைத்தாள்? அன்று மாலையே முறைப்பாடு எழுதினேன். நல்ல கடிதம். தலைப்பே போட்டேன், உளவாளியை வெளியேற்று என்று, மூன்று கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம். சூசை சிரித்துச் சிரித்துத்தான் இங்கிலீஷில் மாற்றினான், "அண்ணை, கீழை அச்சகத்தின்ரை பேரும் போடவோ?" என்று. வைத்த கோரிக்கையை இதுவரை நான் திருப்பி வாங்கியதில்லை, தொழிற்சங்கத்திலும் சரி கட்சியிலும் சரி.

ஆனால் ஒரு கிளாஸ் இருக்கிறது, அது போகமாட்டேனென்கிறது. படுத்தால் வருகிறது, சாப்பாட்டு வரிசையில் தலை எண்ணும்போது வருகிறது. அந்த மேசையில் ஒரு கூசா தண்ணீரும் ஒரு கிளாஸும் வைத்திருந்தார்கள், ஒன்றேதான், எனக்கென்று வைத்தது. நான் குடித்திருந்தேன், வாய் வைத்துத்தான், பாதி மிச்சம் இருந்தது. நான் கத்தி முடித்து உட்கார்ந்த பிறகு அதிகாரி திரும்ப ஒரு நீளமான கேள்வி கேட்டான், அவள் தமிழில் சொல்லத் தொடங்கினாள், குரல் அடைத்தது, இருமினாள், கையை நீட்டி என் கிளாஸை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. உதடு வைத்து. குடித்துவிட்டு வைத்துவிட்டுக் கேள்வியைத் தொடர்ந்தாள். அவ்வளவுதான். பார்த்தேன், பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது, இது காட்டுவதற்காகச் செய்தது. தேர்தல் வரும்போது பெரிய வேட்டிக்காரர்கள் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார்கள், படப்பிடிப்பவனும் கூடவே வருவான், மண்டி வரை குடித்துவிட்டு இன்னொன்று கேட்பார்கள், வீட்டுக்குப் போய்த் தலையில் முழுகுவார்கள். உளவு வேலைக்கு ஆள் பழக்குகிறவர்கள் இதைப் பழக்கமாட்டார்களா? முதல் பாடமே இதுவாக இருக்கும். இப்படித்தான் எழுதிக்கொண்டேன் மனதில், ஆதாரம் நாலு என்று. கடிதத்தில் மட்டும் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை? கிளாஸைப் பற்றி எழுத வந்தபோது பேனை நின்றது, எழுதினால் நெடும்புலத்துக் கடையையும் எழுதவேண்டும், அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. சந்தியில் இருந்த தேத்தண்ணிக்கடை. மற்றவர்களுக்குக் கிளாஸ், எங்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை, அதுவும் வாசலுக்கு வெளியே. ஒருநாள் நானும் நல்லையாவும் வேறு சிலரும் உள்ளே போய் வாங்கில் இருந்தோம், கிளாஸில் தா என்றோம். பொலிஸ் வெளியே நின்றதால் கொடுத்தான். குடித்து வைத்ததும் கிளாஸை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கம் கல்லில் அடித்து உடைத்தான், எங்களுக்குக் கேட்கட்டும் என்று. நல்லையா இன்னொரு தேத்தண்ணி சொன்னான். அதையும் உடைத்தான். பொழுது சாயும்வரை குடித்தோம், வயிறு வீங்கிப்போயிற்று, கடையில் கிளாஸ் முடிந்துபோனது, கடைசியில் வந்த பெரிய மனிதர் ஒருவருக்குச் சிரட்டையில்தான் ஊற்றிக் கொடுத்தான். நல்லையா சிரித்த சிரிப்பு. திரும்பி வரும்போது இருட்டுக்குள் வாளோடு நின்றார்கள், அது வேறு கதை. நாங்கள் வாய் வைத்த கிளாஸை உலகம் என்ன செய்யும் என்று என்னைவிட அறிந்தவன் இல்லை. அதை ஒருத்தி எடுத்துக் குடித்தாள். நான் அதை உளவு என்று மனதில் எழுதி வைத்திருக்கிறேன்.

"அந்தப் பிள்ளை இனி வராதாம்" என்கிறான் சூசை. எந்தப் பிள்ளை என்று கேட்கவேண்டிய தேவையில்லை. "காவல்காரன் சொன்னவன். உங்கடை கடிதத்துக்குப் பிறகு நிப்பாட்டிப்போட்டினம். உளவாளி எண்டு ஒருத்தன் எழுதினால் பிறகு ஆர் வைச்சிருப்பினம்?" கைவிரலால் வாங்கில் தட்டுகிறான். "பொம்பிளையள் பக்கம் கைக்குழந்தையளோடை வாறவைக்கு வீட்டிலையிருந்து சட்டை கொண்டுவந்து குடுக்கிறவள். உங்கடை தோழர்மாரெல்லாம் இதைக் கேட்டால் என்ன சொல்லுவினம், முதலாளிக்குப் பெட்டிசம் போட்டு ஒரு தொழிலாளியின்ரை வேலையைப் பறிச்சிருக்கிறியள்." "வாயை மூடு" என்கிறேன். "மூடுறன். நான் சமையல்காரன் தானே, எனக்கென்ன அரசியல்." அவன் சிரிக்கவில்லை. இதுகூட அவர்கள் அவனைக்கொண்டு சொல்ல வைத்ததாயிருக்கலாம், விசாரணைக்குச் சற்று முன் ஆளை உடைப்பதற்கு, அப்படிச் செய்வார்கள், நான் அறிவேன். ஆனால் அவள் படப்பிடிப்பவனைக் கூட்டிவரவில்லை. குடித்துவிட்டு நான் பார்த்தேனா என்று பார்க்கவில்லை, அங்கேதான் சிக்குகிறது, எத்தனை முறை சுற்றினாலும் அங்கேதான் வந்து சிக்குகிறது. காட்டுவதற்குக் குடிக்கிறவன் குடித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான். அவளுக்குத் தொண்டை காய்ந்திருந்தது. என் பொய்களையெல்லாம் அன்று காலையிலிருந்து இன்னொரு மொழியில் சுமந்துகொண்டிருந்தவள் அவள்தான். அப்படியென்றால் அந்தக் கேள்வி? வேலங்குடாச் சந்தியில் இருப்பது பிள்ளையார் கோயில் இல்லை, அம்மன் கோயில், அது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதை அறிந்தவளாயிருந்தால்? இந்த மனிதன் இந்த ஊர் இல்லை, அதிகாரி வரைபடத்தை வைத்துக்கொண்டு இவனைக் கழுத்தில் பிடிக்கப்போகிறான், ஒரு வார்த்தை திருத்திச் சொல்ல இடம் கொடுப்போம் என்று கயிறு எறிந்திருந்தால்? நான் அந்தக் கயிற்றைச் சுருக்கு என்று நினைத்து அறுத்தேன். இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். நான் ஒரு வாழ்நாள் முழுக்க அப்படியும் இருக்கலாம் என்பதிலேயே உயிர்தப்பியவன்.

கதவு அந்தப் பக்கமிருந்து திறக்கிறது. என் பெயரைச் சொல்கிறார்கள், அவர்கள் சொல்கிறபோது அது வேறு யாருடைய பெயரோ. அதே அறை, அதே நரைத்த புருவம், ஓரத்தில் தட்டச்சுப் பொறியோடு ஒருத்தி. யோகமலர் இருந்த கதிரையில் ஒரு ஆண். கோட்டு, வழித்த முகம், வெளிச்சமான சிரிப்பு. எழுந்து கும்பிடுகிறார். "வணக்கம் ஐயா. நான் பத்மசீலன். கவலைப்படாதையுங்கோ, நீங்கள் சொல்லுறதை அப்படியே சொல்லுவன்." ஊர் கேட்கவில்லை. பக்கம் கேட்கவில்லை. கைகளைப் பார்க்கிறேன், சுத்தமான நகம். கழுத்தைப் பார்க்கிறேன், குரலைக் கேட்கிறேன், சந்தேகப்பட ஒன்றுமே இல்லை, சந்தேகப்பட ஒன்றுமில்லாத மனிதனை நான் இதுவரை கண்டதில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. என் கோரிக்கை வென்ற அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் கூசா. ஒரு கிளாஸ்.

அதிகாரி தொடங்குகிறான், பத்மசீலன் தமிழில் சொல்கிறார், போன முறை சொன்னதில் ஏதும் மாற்றமுண்டா என்று. இல்லை என்று சொல்லவே வாய் போகிறது, பழகிய வாய். "ஒண்டு இருக்கு" என்கிறேன். "முதல் அந்த முறைப்பாடு. அதை நான் திருப்பி எடுக்கிறன். அந்தப் பிள்ளையைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லும்." என் காதுக்கே யாரோ பேசுவது மாதிரி இருக்கிறது. அவர் சொல்கிறார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்கிறான். "ஏன் எண்டு கேட்கிறார் ஐயா. உளவாளி எண்டு நீங்கள்தானாம் எழுதினது." "அவள் என்ரை கிளாஸிலை தண்ணி குடிச்சவள்." பத்மசீலன் அதை மொழிபெயர்க்காமல் என்னைப் பார்க்கிறார். அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. கோபமா வெட்கமா, எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது என்பது மட்டும் தெரிகிறது, அந்த மேசையில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் விளங்கும். குரலைத் தாழ்த்துகிறார். "ஐயா, இதை வெள்ளைக்காரனுக்கு எப்படிச் சொல்லுறது? கிளாஸ் எண்டால் கிளாஸ்தானே எண்டுவான். இதை விடுங்கோ, கேஸைப் பார்ப்பம்." "இதுதான் கேஸ்" என்கிறேன். "சொல்லும். அவனுக்கு விளங்கும்வரைக்கும் சொல்லும்." சொல்கிறார். நரைத்த புருவம் எழும்புகிறது, கிளாஸைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. விளங்கவில்லை, விளக்கச் சொல்கிறான்.

விளக்கவேண்டுமென்றால் கடையைச் சொல்லவேண்டும். கடையைச் சொன்னால் ஊரைச் சொல்லவேண்டும். "நான் வேலங்குடா இல்லை" என்கிறேன். தட்டச்சுச் சத்தம் நின்று, திரும்பத் தொடங்குகிறது. முதல் விசாரணையில் பொய் சொன்னேன் என்று பதியப்படும், அது எனக்கு எதிராகத்தான் நிற்கும் என்று அதிகாரி சொல்லச் சொன்னதாகப் பத்மசீலன் சொல்கிறார். பதியட்டும். "நெடும்புலம். நெடும்புலத்திலை சுடலை ஒழுங்கைப் பக்கம். அந்தப் பக்கத்து ஆக்களுக்குக் கடையிலை கிளாஸ் இல்லை." யாரும் கேட்காமல் இப்போது சொல்லிவிட்டேன். கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறேன், வாய் வைத்து, பாதியை மிச்சம் வைத்து மேசையின் நடுவில் வைக்கிறேன். "நான் மிளகாய் நடயில்லை. எழுதினனான்" என்கிறேன், கடையைச் சொல்கிறேன், உடைந்த கிளாஸ்களை, வாளை, அச்சுக்கூடத்தை, நல்லையாவின் கையிலிருந்த மையை, இராணுவத்துக்கு எதிராக எழுதியதை, இயக்கத்துக்கு எதிராக எழுதியதை. என்னைப் படகேற்றிய ஆளின் பெயர் வரும் இடத்தில், "அந்தப் பேர் என்ரை இல்லை, அதைத் தரமாட்டன், மிச்சம் எல்லாம் என்ரை" என்கிறேன். பத்மசீலன் சொல்லிக்கொண்டே வருகிறார், எழுத்துக்கு எழுத்தாகத்தானா, தெரியாது, எனக்கு அந்த மொழி தெரியாது. நேரம் போகிறது. அவர் குரல் கரகரக்கிறது, ஒருமுறை இருமுகிறார், திரும்ப இருமுகிறார். கிளாஸ் நடுவில் இருக்கிறது. அவர் கை அந்தப் பக்கம் போனதா என்று நான் பார்க்கவில்லை. நான் அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்.